ரயில் பாதையின் கணினி மாதிரி யாருக்குச் சொந்தம்?

பெரிய ரயில் திட்டம் எதுவானாலும் இப்போது அதன் திறப்பு விழாவுக்குச் சில ஆண்டுகள் முன்பே ஒரு காணொலி வந்துவிடுகிறது. திரையில் தூண்கள் ஒவ்வொன்றாக எழுகின்றன. அவற்றின் மேல் பாலத் துண்டுகள் வந்து அமர்கின்றன. நிலையத்தின் கூரை விலகி, உள்ளே ஓடும் குழாய்களும் மின்கம்பிகளும் பல வண்ணங்களில் தெரிகின்றன. இனித் தாமதம் இருக்காது, செலவு கூடாது, தவறு நேராது என்பதே அதனுடன் வரும் விளக்கவுரையின் சாரம். இக்காட்சியின் பின்னால் உள்ள தொழில்நுட்பம் ஆங்கிலச் சுருக்கத்தில் ‘பிம்’ எனப்படுகிறது. கட்டுமானத் தகவல் மாதிரியாக்கம் என்று தமிழில் சொல்லலாம். காணொலி பார்ப்போரின் கண் ‘மாதிரி’ என்ற சொல்லில் நின்றுவிடுகிறது. உயிரான சொல் நடுவிலுள்ள ‘தகவல்’தான். அத்தகவலை யார் திரட்டுகிறார்கள், யார் கையில் வைத்திருக்கிறார்கள், யாருக்கு அதைத் திருத்தும் உரிமை உண்டு என்பவை பொறியாளர்களிடம் மட்டும் விட்டுவிடக்கூடிய கேள்விகள் அல்ல.

முதலில் இத்தொழில்நுட்பம் செய்யும் வேலையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு மெட்ரோ நிலையத்தை எடுத்துக்கொள்வோம். தூணும் உத்தரமும் கட்டடப் பொறியாளரின் வரைபடத்தில் இருக்கும். குளிர்காற்றுக் குழாய் ஒரு நிறுவனத்தின் வரைபடத்திலும், மின்கம்பித் தடம் இன்னொரு நிறுவனத்தின் வரைபடத்திலும், சிக்னல் கருவிகள் மூன்றாவது நிறுவனத்தின் வரைபடத்திலும் இருக்கும். தாளில் அவரவர் வரைபடம் சரியாகவே இருக்கும். குழாயை ஏற்றும் நாளில்தான் அது செல்ல வேண்டிய இடத்தில் உத்தரம் குறுக்கே நிற்பது தெரியவரும். பிறகு கான்கிரீட்டைத் துளைப்பதும், வேலை நிற்பதும், ‘கூடுதல் பணி’ என்று ஒப்பந்ததாரர் தனிப் பட்டியல் நீட்டுவதும் நடக்கும். ‘பிம்’ முறையில் இவை எல்லாம் ஒரே முப்பரிமாண மாதிரிக்குள் வருகின்றன. மோதல்கள் தளத்தில் தெரிவதற்கு முன் திரையில் தெரிகின்றன. மாதிரியிலுள்ள ஒவ்வொரு பொருளும், அது ஒரு தண்டவாளக் கட்டையானாலும் கதவானாலும், தன் அளவு, பொருள், தயாரிப்பாளர், பொருத்திய நாள், அடுத்த பராமரிப்பு ஆகிய விவரங்களைத் தன்னோடு சுமந்து நிற்கிறது. இதனுடன் கால அட்டவணையை இணைத்தால் நான்காவது பரிமாணம் என்றும், செலவை இணைத்தால் ஐந்தாவது பரிமாணம் என்றும் துறையினர் கூறுகின்றனர்.

இந்தியாவில் ஐந்து பரிமாண முறையை முதலில் கையாண்ட பெரிய ரயில் திட்டம் நாக்பூர் மெட்ரோ. ஒன்றிய அரசும் மகாராஷ்டிர அரசும் சமபங்கு வைத்துள்ள பொதுத்துறை நிறுவனம் அதனைக் கட்டியது. டெல்லி, காஜியாபாத், மீரட் நகரங்களை இணைக்கும் 82 கிலோமீட்டர் மண்டல விரைவு ரயில் பாதையும் இம்முறையில் திட்டமிடப்பட்டதே. 30,274 கோடி ரூபாய் மதிப்பீட்டிலான அத்திட்டத்தில் வடிவமைப்பாளர், ஒப்பந்ததாரர், மேற்பார்வையாளர் அனைவரும் ஒரே பொதுத் தரவுத்தளத்தில் வேலை செய்ய வேண்டும் என்று விதிக்கப்பட்டது. சாகிபாபாத்திலிருந்து துகாய் வரையிலான முதல் 17 கிலோமீட்டர் 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. இந்தியப் பொதுத்துறைப் பொறியாளர்கள் இத்தொழில்நுட்பத்தைக் கையாளும் திறன் பெற்றவர்கள் என்பதற்கு இவை சான்று. இதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

இது பன்னாட்டு நிறுவனங்களின் விளையாட்டுப் பொருள், உழைக்கும் மக்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கும் தோழர்கள் உண்டு. 1960களில் கொல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் கணினி நுழைவை எதிர்த்து நடந்த போராட்டத்தை முதலாளித்துவ ஏடுகள் இன்றும் கேலிக்கு எடுத்தாள்கின்றன. வேலையைப் பறிக்கும் இயந்திரத்தை எதிர்த்ததில் அன்று நியாயம் இருந்தது. ஆனால் ரயில்வேயில் வரைவாளர் பணியிடங்கள் ‘பிம்’ வருவதற்கு முன்பே சுருங்கத் தொடங்கிவிட்டன. வடிவமைப்பு வேலை தனியார் ஆலோசனை நிறுவனங்களுக்குப் போயிற்று. அதைச் செய்தது கணினி அல்ல, கொள்கை.

இத்தொழில்நுட்பத்தின் பிறப்பிலும் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. கட்டடத்தைக் கோடுகளாக அன்றிப் பொருள்களின் தொகுப்பாகக் கணினியில் பதியலாம் என்ற கருத்தை 1970களில் அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் ஈஸ்ட்மன் முன்வைத்தார். அதே திசையில் தனிக் கணினியில் இயங்கும் மென்பொருளை முதலில் உருவாக்கியவர்களுள் புடாபெஸ்ட் நகரின் கிராஃபிசாஃப்ட் குழுவினரும் அடங்குவர். 1982இல், ஹங்கேரி சோசலிச நாடாக இருந்தபோது, அவர்கள் எடுத்துச் செய்த தொடக்கப் பணி பாக்ஸ் அணுமின் நிலையத்தின் குழாய் அமைப்பை முப்பரிமாணத்தில் வரைவது. ஒரு பொதுத்துறை மின் நிலையத்தின் தேவையிலிருந்து முளைத்தது அம்மென்பொருள். 2007 முதல் அது ஒரு ஜெர்மன் மென்பொருள் குழுமத்தின் உடைமை.

இன்று உலகச் சந்தை விரல்விட்டு எண்ணத்தக்க சில நிறுவனங்களின் கையில் இருக்கிறது. மென்பொருளை ஒருமுறை விலைக்கு வாங்கும் வழக்கம் போய், ஆண்டுதோறும் வாடகை கட்டும் முறை வந்துவிட்டது. வாடகை நின்றால் கோப்பைத் திறக்க முடியாது. திறந்தாலும் திருத்த முடியாது. 2020 ஜூலையில் பிரிட்டனின் முன்னணிக் கட்டடக்கலை நிறுவனங்கள் பல சேர்ந்து ஆட்டோடெஸ்க் நிறுவனத்துக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதின. ஐந்து ஆண்டுகளில் தங்கள் செலவு 70 விழுக்காடு வரை கூடியது, மென்பொருளோ அதற்கேற்ப வளரவில்லை என்பது அவற்றின் புகார். உலகப் புகழ் பெற்ற நிறுவனங்களே இப்படிக் கெஞ்சும் நிலையில் இருந்தால், ஓர் ஊரின் மெட்ரோ கழகம் எம்மாத்திரம்? ஒரு ரயில் பாதை நூறாண்டு வாழும். அதைப் பற்றிய முழுத் தகவலும் ஒரு தனியார் நிறுவனத்தின் கோப்பு வடிவத்துக்குள் பூட்டப்பட்டால், அந்தப் பூட்டுக்கு நூறாண்டு வாடகை கட்ட வேண்டிவரும்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய பொதுக் கோப்பு வடிவம் ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. ஐஎஃப்சி எனப்படும் அவ்வடிவம் 2013இல் ஐஎஸ்ஓ 16739 என்ற பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. மாதிரியை அவ்வடிவத்தில், முழுமையாக, ஒப்படைத்தால்தான் கடைசித் தவணை வழங்கப்படும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பது பெரிய வேலை அல்ல.

மாதிரி இருந்தால் திட்டம் தானாகச் சீராகிவிடும் என்பது இரண்டாவது மயக்கம். அதைத் தெளிவிக்க லண்டனின் கிராஸ்ரெயில் போதும். உலகெங்கும் ‘பிம்’ வகுப்புகளில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்ட திட்டம் அது. மென்பொருள் நிறுவனத்தோடு சேர்ந்து ஒப்பந்ததாரர்களுக்குப் பயிற்சிக்கூடமே நடத்தினார்கள். 2018 டிசம்பரில் திறக்க வேண்டிய பாதை 2022 மே 24 அன்றுதான் திறந்தது. 1,480 கோடி பவுண்டு என்றிருந்த செலவு 1,880 கோடியைத் தாண்டியது. பணி 36 பெரிய ஒப்பந்தங்களாகத் துண்டாடப்பட்டிருந்ததையும், அவற்றுக்கிடையிலான இணைப்புகளைப் பொறுப்பேற்று நடத்தும் திறன் நிர்வாகத்திடம் குன்றியிருந்ததையும், நடக்க முடியாத தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்கியதையும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அலுவலகம் 2019இல் எடுத்துக் காட்டியது. குழாய்க்கும் உத்தரத்துக்கும் இடையிலான மோதலை மாதிரி காட்டியது. ஒப்பந்தத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையிலான மோதலை அது காட்டவில்லை. சிக்னல் அமைப்பு ஒரு நிறுவனம், ரயில்பெட்டி வேறு நிறுவனம், நிலையம் இன்னொரு நிறுவனம் என்று வெட்டிப் பிரித்துவிட்டு, கணினி ஒட்டவைக்கும் என்று காத்திருந்தால் இதுதான் நேரும்.

இந்தியாவில் இக்கேள்வி பணத்தோடு நிற்கவில்லை. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பாகாநாகா பஜார் நிலையத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஷாலிமாரிலிருந்து சென்னை வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு ரயிலுக்கு முதன்மைப் பாதைக்கான பச்சை விளக்கு எரிந்தது. பாதை மாற்றியோ சரக்கு ரயில் நின்றிருந்த கிளைப்பாதைக்குத் திரும்பியிருந்தது. 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, காரணத்தைச் சிக்னல் இணைப்புச் சுற்றில் கண்டது. 2018இல் அங்கு ஒரு மாற்றம் செய்யப்பட்டிருக்கிறது. பெட்டிக்குள் இருந்த கம்பிகளின் பெயர்க்குறிப்பும் உண்மையான இணைப்பும் ஒன்றாக இல்லை. அப்பிழை ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. விபத்து நாளில் லெவல் கிராசிங் தடுப்புக்கான வேலையின்போது, தவறான குறிப்பை நம்பி இணைப்புக் கொடுக்கப்பட்டது. ஓராண்டு முன்னர், 2022 மே மாதத்தில், அதே தென்கிழக்கு ரயில்வேயின் பாங்க்ராநயாபாஸ் நிலையத்தில் இதே வகைப் பிழை வெளிப்பட்டிருந்தது. அப்போதே சரிசெய்திருந்தால் இவ்விபத்து நேர்ந்திருக்காது என்று அறிக்கை எழுதியது.

தாளில் உள்ளது வேறு, தளத்தில் உள்ளது வேறு என்ற இந்த இடைவெளியைத்தான் ‘பிம்’ அடைக்க முனைகிறது. கட்டி முடித்த நிலையில் உள்ளதை உள்ளபடி பதிவதும், பின்னர் ஒரு கம்பி மாறினாலும் அதைப் பதிவில் ஏற்றுவதும் அதன் அடிப்படை. ஆகவே பாலசோர் நிகழ்வு இத்தொழில்நுட்பத்துக்கான வாதம் என்று விற்பனையாளர்கள் சொல்லக்கூடும். அதில் பாதி உண்மை உண்டு. மறுபாதி, 2018இல் அந்தக் கம்பி மாற்றத்தைப் பதிவில் ஏற்றச் சிக்னல் பிரிவில் போதிய ஆட்கள் இருந்தார்களா, அவர்களுக்கு வேலையை நிறுத்திச் சரிபார்க்க நேரம் தரப்பட்டதா என்ற கேள்வி. 2023 ஜூனில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ரயில்வே அளித்த பதிலின்படி 2.74 லட்சம் பணியிடங்கள் காலி. அவற்றுள் 1.7 லட்சத்துக்கும் மேற்பட்டவை பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்தவை. தளத்தில் சென்று பார்த்து எழுதும் ஆள் இல்லாத இடத்தில், தாளில் இருந்த பொய் கணினியில் ஏறும். வண்ணத்தில் தெரிவதால் இன்னும் நம்பத்தகுந்ததாகவும் தோன்றும். பாலசோர் வழக்கில் மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது மூன்று ஊழியர்களை. பணியிடங்களை நிரப்பாதவர்கள் மீது வழக்கு இல்லை.

மாதிரியில் இடம்பெறாத இன்னொரு பொருள் உண்டு: தொழிலாளி. தூணின் ஒவ்வொரு கம்பிக்கும் எண் உண்டு. அந்தக் கம்பியைக் கட்டியவருக்கு இல்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று மிசோரத்தில் பைராபி–சாய்ராங் புதிய ரயில் பாதையில் கட்டப்பட்டுவந்த பாலத்தில், உத்தரங்களை ஏற்றும் இரும்புச் சட்டம் சரிந்து இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தின் மால்டா மாவட்டத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றவர்கள். 2024 நவம்பர் 5 அன்று மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில் திட்டத்தில், குஜராத்தின் ஆனந்த் மாவட்டத்தில் மகி ஆற்றங்கரையில் தற்காலிக அமைப்பு ஒன்று சரிந்து மூவர் உயிரிழந்தனர். இரண்டு இடங்களிலும் சரிந்தது நிரந்தரக் கட்டுமானம் அல்ல. கட்டுவதற்காக நிறுத்தப்பட்டு, முடிந்ததும் பிரித்து எடுக்கப்படும் சட்டங்களும் முட்டுகளும்தான்.

இந்த வேறுபாடு முக்கியமானது. நிரந்தரப் பாலத்தின் வடிவமைப்பு பல கட்டச் சரிபார்ப்பைக் கடந்து வருகிறது. அதைத் தூக்கி நிறுத்தும் சாரம், முட்டு, ஏற்றச் சட்டம் ஆகியவை ஒப்பந்ததாரரின் சொந்தப் பொறுப்பாகக் கருதப்படுகின்றன. உள்ஒப்பந்தம் கைமாறிக் கைமாறி இறங்கும்போது அப்பொறுப்பு யாருடையது என்பதே மங்கிவிடுகிறது. நான்காவது பரிமாணம் எனப்படும் கால அட்டவணை மாதிரியில் இவற்றையும் சேர்க்க முடியும். இன்று எந்த உத்தரம் ஏறுகிறது, அப்போது கீழே யார் நிற்கக்கூடாது, காற்று எவ்வளவு வீசினால் வேலையை நிறுத்த வேண்டும் என்பவற்றை அன்றாடம் காட்ட முடியும். விழாக் காணொலியில் தூண்கள் எழும் காட்சியைத் தயாரிக்கும் அதே மென்பொருள் இதையும் செய்யும். அதற்கென யாரும் பணம் ஒதுக்குவதில்லை என்பதே குறை. சாரத்தையும் முட்டையும் மாதிரியில் சேர்ப்பதை ஒப்பந்த நிபந்தனையாக்கவும், காலைப் பணி தொடங்கும் முன் அன்றைய காட்சியைத் தொழிலாளர்களுக்கு அவர்கள் மொழியில், வங்காளியிலோ சந்தாலியிலோ போஜ்புரியிலோ, விளக்கிச் சொல்லவும் கட்டுமானத் தொழிற்சங்கங்கள் கோர வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் சட்டமும், மாநிலங்களுக்கிடையே புலம்பெயர்ந்த தொழிலாளர் சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டுவிட்ட நிலையில், இக்கோரிக்கையை ஒப்பந்த விதியிலேயே எழுதவைப்பது முன்னைவிட அவசரமாகியுள்ளது.

திரைக்குப் பின்னாலும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பெங்களூரு, குருகிராம், சென்னை நகரங்களின் வடிவமைப்பு மையங்களில் அமர்ந்து பிரிட்டனின் பாலத்துக்கும் அமெரிக்காவின் நிலையத்துக்கும் மாதிரி வரைபவர்கள் இந்தியப் பொறியியல் பட்டதாரிகள். திறன் இங்கே இருக்கிறது. லக்னோவில் ரயில்வேயின் சொந்த ஆய்வு வடிவமைப்பு நிறுவனமும் இருக்கிறது; ரைட்ஸ், இர்கான், கொங்கண் ரயில்வே போன்ற பொதுத்துறை நிறுவனங்களும் இருக்கின்றன. செனாப் ஆற்றின் மேல் 359 மீட்டர் உயரத்தில் வளைவுப் பாலம் எழுப்பியதில் பொறுப்பு நிறுவனமாக நின்றது கொங்கண் ரயில்வே; அதன் எஃகு விவரங்கள் கணினி மாதிரியில்தான் வரையப்பட்டன. இந்த நிறுவனங்களில் இளம் பொறியாளர்களை நிரந்தரப் பணியில் அமர்த்தி, மாதிரிகளைப் பேணும் பிரிவுகளை உருவாக்குவதற்கு எந்தத் தடையும் இல்லை. மாறாக, டெல்லி–மீரட் பாதையில் கட்டுமானம் பொதுத்துறை நிறுவனத்திடம் இருந்தும், இயக்கமும் பராமரிப்பும் ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்ச பானின் துணை நிறுவனத்துக்கு ஒப்பந்தமாகப் போயிருக்கின்றன. ஜெர்மனியில் அது அரசுடைமை நிறுவனம் என்பது இதில் ஒரு வேடிக்கை. அரசு ரயில் நடத்தக்கூடாது என்று இங்கே சொல்பவர்கள், வேறு நாட்டு அரசின் நிறுவனம் நடத்தினால் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஐந்தாவது பரிமாணம் குறித்து இடதுசாரிகள் தனியாகச் சிந்திப்பது நல்லது. பொதுப்பணிகளில் ‘எம் புக்’ என வழங்கும் அளவீட்டுப் புத்தகம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் பணம் இருக்கிறது என்பது ஊரறிந்த செய்தி. போடாத ஜல்லிக்கும் தோண்டாத மண்ணுக்கும் பட்டியல் எழுதப்படுவது அதில்தான். எவ்வளவு கான்கிரீட், எவ்வளவு எஃகு என்று மாதிரியே கணக்குச் சொல்லுமானால், அக்கணக்கைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதில் என்ன தடை? வணிக இரகசியம் என்று பதில் வரும். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(டி) பிரிவு அதற்கெனக் கையில் தயாராக இருக்கிறது. பாதுகாப்புக் காரணங்களால் சிக்னல் அறை, கட்டுப்பாட்டு அறை ஆகியவற்றின் விவரங்களை மறைப்பது நியாயம். ஒரு தூணில் எத்தனை டன் எஃகு போனது என்பதை மறைப்பதில் நியாயம் இல்லை. மக்கள் வரியிலும், மக்கள் திருப்பிச் செலுத்தப்போகும் வெளிநாட்டுக் கடனிலும் கட்டப்படும் பாதையின் கணக்கு அது.

அடுத்து வரிசையில் நிற்கும் மெட்ரோ நீட்டிப்புகளுக்கும் புதிய பாதைகளுக்கும் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள் தயாராகிக்கொண்டிருக்கின்றன. மாதிரியின் உடைமை யாருக்கு, எந்தக் கோப்பு வடிவத்தில், எந்தத் தேதியில், ரயில்வேயின் எந்த அலுவலகத்திடம் அது ஒப்படைக்கப்படும், அதன்பின் ஒரு டிராக்மேனோ சிக்னல் தொழில்நுட்பரோ தளத்தில் கண்ட மாற்றத்தை அதில் ஏற்ற யாரிடம் செல்ல வேண்டும் என்ற விவரங்கள் அந்த ஆவணங்களில் இருக்க வேண்டும். இவை இருக்கின்றனவா என்று ரயில்வே நிலைக்குழுவிலும் நாடாளுமன்றக் கேள்வி நேரத்திலும் இடதுசாரி உறுப்பினர்கள் கேட்கலாம். கையெழுத்தான பின் ஒப்பந்தத்தைத் திருத்துவது எளிதல்ல. ஆவணம் வரைவு நிலையில் இருக்கும் இந்த மாதங்களே அதற்கான காலம்.